வேடம் போட்டு வந்த வீடணன்!

உலகத்தைக் காக்கும் மாவீரர்கள் ஒரே அறையில் கூடியிருக்கிறார்கள். ஒருவர் வானத்தில் பறப்பவர். ஒருவர் இரும்புக் கவசம் அணிந்தவர். ஒருவர் சுவரில் சிலந்தி போல ஏறுபவர். பல ஆண்டுகள் தோளோடு தோள் நின்று போராடியவர்கள்.

ஆனால் இன்று ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். காரணம் என்ன? அவர்களில் சிலர் அசல் அல்ல! வேறு உலகத்திலிருந்து வந்த மாயாவிகள், வீரர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அவர்கள் உருவத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் அசல்? யார் போலி?

அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு வெளிவந்து, படக்கதைப் பிரியர்களைத் தூங்கவிடாமல் செய்த கதை இது. மார்வல் நிறுவனம் வெளியிட்டது. எட்டு இதழ்களில் வந்த அந்தக் கதைக்கு ‘ரகசியப் படையெடுப்பு’ என்று பொருள்படும் பெயர். எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். படம் வரைந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு ஓவியர் லெய்னில் யூ. 2023-இல் இதே பெயரில் ஒரு தொடரும் திரைக்கு வந்தது.

மாடாகிப் போன மாயாவிகள்

இந்த மாயாவிகளின் பெயர் ஸ்க்ரல். பச்சை நிறம். வரிவரியாகச் சுருங்கிய தாடை. கூரிய காது. நினைத்த மாத்திரத்தில் எந்த உருவத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

இவர்களைப் படைத்தவர்கள் ஸ்டான் லீ என்ற எழுத்தாளரும், ஜாக் கிர்பி என்ற ஓவியரும். நான்கு வீரர்களைப் பற்றிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற படக்கதையின் இரண்டாவது இதழில், 1962 சனவரி தேதியிட்ட இதழில், ஸ்க்ரல்கள் முதன்முதலாகத் தலைகாட்டினார்கள்.

அந்த முதல் கதை வேடிக்கையானது. நான்கு ஸ்க்ரல்கள் நான்கு வீரர்களின் உருவத்தில் வந்து அட்டூழியம் செய்கிறார்கள். ஒருவன் எண்ணெய்க் கிணற்று மேடையைக் கவிழ்க்கிறான். ஒருத்தி வைரம் திருடுகிறாள். ஒருவன் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துகிறான். பழி உண்மையான வீரர்கள் மேல் விழுகிறது. நேற்றுவரை மாலை போட்ட மக்கள் இன்று அவர்களைப் பிடித்து அடைக்கிறார்கள்!

வீரர்கள் தப்பி வந்து போலிகளை மடக்குகிறார்கள். பிறகு ஒரு தந்திரம் செய்கிறார்கள். ‘நாங்கள்தான் உருமாறிய ஸ்க்ரல்கள்’ என்று சொல்லிக்கொண்டு எதிரியின் விண்கலத்துக்கே போகிறார்கள். போலிக்குப் போலியாக அசலே போகிறது! அங்கே, பூமியில் இருக்கும் பயங்கர மிருகங்கள் இவை என்று சில படங்களைக் காட்டுகிறார்கள். எதிரித் தலைவன் நடுங்கிப்போய் விண்கலத்தைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறான். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? வேறு படக்கதைப் புத்தகங்களிலிருந்து வெட்டி எடுத்தவை!

பூமியில் மாட்டிக்கொண்ட மற்ற ஸ்க்ரல்கள் என்ன ஆனார்கள்? பசு மாடுகளாக மாறிப் புல் மேயும்படி வசியம் செய்து விட்டுவிட்டார்கள் வீரர்கள்.

தன்னையே சந்தேகித்த வீரன்

1962-இல் சிரிப்பாக முடிந்த கதை, 2008-இல் சிரிப்பாக இல்லை.

இப்போது வந்த ஸ்க்ரல்களை எந்தச் சக்தியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எலெக்ட்ரா என்ற வீரமங்கையின் உருவில் இருந்தவள் சண்டையில் செத்து விழுந்தபோதுதான், பிணம் பச்சை நிறமாக மாறிற்று. அன்றுதான் மற்றவர்களுக்கு நெஞ்சில் இடி விழுந்தது. ‘இவள் போலி என்றால், இன்னும் எத்தனை பேர்?’

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பின்னால் வந்தது. வீரர்களின் கூட்டத்தில் தினமும் கலந்து பேசி, அவர்களோடு சேர்ந்து திட்டம் போட்டவள் ‘சிலந்திப் பெண்’ ஜெசிகா ட்ரூ. அவள்தான் உண்மையில் மாயாவிகளின் ராணி வெராங்கி!

இந்த ராணி செய்த ஒரு காரியம் கதையிலேயே மிகக் கொடியது. அவள் இரும்புக் கவச வீரனிடம் வந்து, ‘நீயும் எங்களில் ஒருவன்தான். அதை நீயே மறந்துவிட்டாய்’ என்கிறாள். அது பொய். ஆனால் அந்த வீரன் கலங்கிப் போகிறான். ‘நான் யார்? நான் அசலா?’ என்று தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறான்.

கடைசியில் வீரர்கள் வென்றார்கள். தூக்கிச் செல்லப்பட்டவர்கள் உயிரோடு கிடைத்தார்கள். ஆனால் வெற்றி இனிக்கவில்லை. ராணியைச் சுட்டு வீழ்த்தியவன் நார்மன் ஆஸ்பர்ன் என்ற பழைய வில்லன். மக்கள் அவனைக் கொண்டாடினார்கள். பாதுகாப்புப் பொறுப்பெல்லாம் அவன் கைக்குப் போயிற்று. போலிக்குப் பயந்து, கெட்டவனிடம் சாவியைக் கொடுத்தது போல ஆயிற்று!

வாலால் கட்டிய கோட்டை

இந்தக் கதையைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டி ஆச்சரியப்பட மாட்டாள். ‘இது மயில்ராவணன் கதைதானே?’ என்பாள்.

ஆம். மயில்ராவணன் கதை வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ஆனால் தெருக்கூத்திலும், தோல்பாவைக் கூத்திலும், ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களிலும் அது ஊர் ஊராகப் பரவிற்று. புதிதாக எழுத்துக் கற்றவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு வசதியாகக் கொட்டை எழுத்தில் அச்சிட்டவை அந்தப் புத்தகங்கள்.

மயில்ராவணன் பாதாள லங்கையின் அரசன். மாயத்தில் வல்லவன். போரில் தோற்றுக்கொண்டிருந்த இராவணன் அவனை உதவிக்கு அழைக்கிறான். ‘இராம இலட்சுமணர்களைத் தூக்கிவந்து காளிக்குப் பலி கொடுக்கிறேன்’ என்று அவன் வாக்களிக்கிறான்.

செய்தி வீடணனுக்குத் தெரிந்துவிடுகிறது. ‘அவன் எந்த உருவிலும் வருவான், எச்சரிக்கை!’ என்று அனுமனிடம் சொல்கிறான். அனுமன் தன் வாலை நீட்டி வளைத்துக் கோட்டையாக அமைக்கிறான். உள்ளே இராமனும் இலட்சுமணனும் படுத்திருக்கிறார்கள். வாசலில் அனுமன் காவல்.

மயில்ராவணன் யோசித்தான். எந்த உருவத்தில் போனால் அனுமன் தடுக்க மாட்டான்? எச்சரிக்கை செய்த வீடணன் உருவத்திலேயே போனான்!

அனுமன் வழி விட்டான். உள்ளே போனவன் இருவரையும் மயக்கி எடுத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் உண்மையான வீடணன் வந்தான். அனுமன் திகைத்தான். ‘ஐயா, நீர் இப்போதுதானே உள்ளே போனீர்? போனவர் வெளியே வரவில்லையே!’ என்று கேட்டான். அப்போதுதான் இருவருக்கும் விஷயம் விளங்கிற்று.

பிறகு அனுமன் பாதாளம் சென்று, மயில்ராவணனைக் கொன்று, அண்ணன் தம்பி இருவரையும் மீட்டு வந்தான் என்று கதை சுபமாக முடிகிறது.

அனுமன் பலத்தில் குறைந்தவனா? இல்லை. அறிவில் குறைந்தவனா? அதுவும் இல்லை. அவன் ஒன்றைத்தான் செய்யவில்லை. தெரிந்த முகம்தானே என்று, உள்ளே போனவனிடம் ஒரு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டான். மாயாவிகள் நம் எதிரியின் முகத்தோடு வருவதில்லை. நாம் நம்பும் முகத்தோடுதான் வருகிறார்கள். சிலந்திப் பெண்ணும் அப்படித்தான். போலி வீடணனும் அப்படித்தான்.

அடையாள மாலை

அப்படியானால் அசலை எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கதைகளோடு சேர்ந்த ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று பெரம்பலூர் மாவட்டத்தில். இன்னொன்று அரியலூர் மாவட்டத்தில்.

பெரம்பலூருக்கு வடக்கே இருக்கிறது வாலிகண்டபுரம். அங்குள்ள சிவன் கோயிலின் இறைவன் பெயர் வாலீசுவரர். வானர அரசன் வாலி வழிபட்ட தலம் என்பது ஐதீகம். ஊரின் பெயரிலேயே அவன் இருக்கிறான்.

வாலியும் அவன் தம்பி சுக்கிரீவனும் பார்வைக்கு ஒரே மாதிரி. நடை, உயரம், முகம் எல்லாம் ஒன்று. இராமன் துணையை நம்பி சுக்கிரீவன் அண்ணனைச் சண்டைக்கு அழைத்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். இராமன் வில்லை எடுத்தான். ஆனால் அம்பு விடவில்லை. எவன் வாலி, எவன் சுக்கிரீவன் என்று தெரியவில்லை!

சுக்கிரீவன் செமத்தியாக அடி வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். ‘என்னை இப்படிக் கைவிடலாமா?’ என்று கலங்கினான். இராமன் காரணத்தைச் சொன்னான். சுக்கிரீவன் மறுபடி போகும்போது பூங்கொடியை மாலையாக அணிந்துகொண்டு போனான். அந்த அடையாளம் வேலை செய்தது.

இங்கே வேடதாரி யாரும் இல்லை. ஆனால் பாடம் ஒன்று இருக்கிறது. தெய்வப் பிறவியான இராமனுக்கே கண் மட்டும் போதவில்லை. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது.

ஐந்து நளன்கள்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருப்பது காமரசவல்லி. அங்கே இறைவனுக்குக் கார்கோடேசுவரர் என்று பெயர். கார்கோடகன் என்ற நாகம் பூசித்த தலம் என்கிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்து உருவை இழந்த மன்மதனை, ரதிதேவி தவம் செய்து மீட்ட இடம் என்றும் தல வரலாறு உண்டு.

கூத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக்கூத்து ஆடுவதற்காக, ஒரு கூத்தருக்கு நிலம் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. வேடம் கட்டி ஆடியவருக்கு வயல் எழுதி வைத்த ஊர்!

கார்கோடகன் யார்? நளன் கதையில் வருகிறவன். காட்டுத் தீயில் சிக்கிய அந்த நாகத்தை நளன் காப்பாற்றுகிறான். நாகம் அவனைக் கடிக்கிறது. அழகன் நளன் அடையாளம் தெரியாத குரூபியாகிறான். வாகுகன் என்ற பெயரில் தேர் ஓட்டியாகவும் சமையல்காரனாகவும் இன்னொரு அரசனிடம் வேலை பார்க்கிறான். அப்படி உருமாற்றியது அவன் நன்மைக்கே என்பது பின்னால் தெரிகிறது. பழைய உருவம் வேண்டும்போது உடுத்திக்கொள்ள ஆடையும் தந்துவிட்டுத்தான் நாகம் போகிறது.

ஆனால் அதற்கும் முன்னால் ஓர் உருமாற்றம் நடந்தது. தமயந்தியின் சுயம்வரம் அது. அவள் மனத்தில் நளன்தான் இருக்கிறான் என்று தேவர்களுக்குத் தெரியும். இந்திரன், அக்கினி, வருணன், எமன் நால்வரும் நளன் உருவிலேயே வந்து அமர்ந்துவிட்டார்கள். மாலையும் கையுமாக வந்த தமயந்தி எதிரில் ஐந்து நளன்கள்!

அவள் பதறவில்லை. நின்று நிதானமாகப் பார்த்தாள். நான்கு பேருக்குக் கண் இமைக்கவில்லை. பாதம் தரையில் படவில்லை. கழுத்து மாலை வாடவில்லை. ஐந்தாவது ஆளுக்குக் கண் இமைத்தது. கால் மண்ணில் பதிந்திருந்தது. மாலை வாடியிருந்தது. அவன் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

அவள் யாரைத் தேர்ந்தாள்? குறையே இல்லாத நால்வரை விட்டுவிட்டு, மனிதக் குறைகள் உள்ள ஒருவனை! அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருப்பதுதான் போலியின் அடையாளம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

பின்னாளில் நளன் குரூபியாக இருந்தபோதும் அவனைக் கண்டுபிடித்தவள் தமயந்திதான். முகத்தைப் பார்த்து அல்ல. தேர் ஓட்டும் வேகத்தையும், சமைத்த உணவின் ருசியையும், பிள்ளைகளைக் கண்டு கலங்கியதையும் வைத்து. முகம் மாறலாம், கைப்பழக்கமும் பாசமும் மாறுவதில்லை.

திருநீற்றுக்குள் கத்தி

எல்லாக் கதையும் சுபமாக முடிவதில்லை. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு பெரியபுராணத்தில் வருகிறது.

அவரைப் போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் வந்தான். உடம்பெல்லாம் திருநீறு. கையில் புத்தகக் கட்டு. கட்டுக்குள் கத்தி! ஆகமம் சொல்ல வந்திருப்பதாகக் கூறினான். வாசலில் இருந்த தத்தன் என்ற காவலன், அரசர் உறங்கும் நேரம் என்று தடுத்துப் பார்த்தான். வந்தவன் கேட்கவில்லை. உள்ளே போனான். வணங்கிய மன்னரைக் குத்தினான்.

தத்தன் வாளோடு பாய்ந்தான். சாகும் தறுவாயில் இருந்த மன்னர் அவனைத் தடுத்தார். அடியார் வேடத்தில் வந்தவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்று சொல்லி, அவனைப் பத்திரமாக எல்லை கடத்தி விட்டுவரச் சொன்னார். தத்தன் அப்படியே செய்து திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அவர் உயிர் பிரிந்தது.

இது மற்றக் கதைகளுக்கு எதிர்த்திசையில் போகும் கதை. ஒரு போலி வந்துவிட்டான் என்பதற்காக எல்லா அடியாரையும் சந்தேகிக்கும் காலம் வந்துவிடக் கூடாது என்று அந்த மன்னர் கருதியிருக்க வேண்டும். அமெரிக்கக் கதையிலே வீரர்கள் தடுமாறியது இங்கேதான். ஸ்க்ரல்கள் செய்த சேதத்தைவிட, ‘இவனும் ஸ்க்ரலோ?’ என்ற சந்தேகம் செய்த சேதம் பெரிது.

சிரிக்க வைத்த வேடங்கள்

வேடம் எல்லாமே வஞ்சகம் அல்ல. 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தை மறக்க முடியுமா? கடோத்கசன் மணப்பெண் உருவத்தில் வந்து மாப்பிள்ளையைப் படாதபாடு படுத்துவான். பெண் உருவத்துக்குள் இருக்கும் அரக்கனின் மிடுக்கைச் சாவித்திரி நடித்துக் காட்டினார். 1958-இல் வந்த ‘நாடோடி மன்ன’னில், மன்னனைப் போலவே இருக்கும் நாடோடி அரியணையில் அமர்ந்து நாட்டைக் காப்பாற்றுவான். இரண்டு வேடமும் எம்.ஜி.ஆர்.தான்.

சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இரும்புக்கை மாயாவியைத் தெரியும். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாது. எத்தனை பெரிய மாயத்திலும் ஓர் அடையாளம் வெளியே தெரியத்தான் செய்யும்!

இன்றைய மாயாவிகள்

இதெல்லாம் கதை என்று விட்டுவிடலாமா? விட முடியாது. பச்சை நிற ஸ்க்ரல் வராவிட்டாலும், வேறு மாயாவிகள் இன்று வீட்டுக்குள்ளேயே வருகிறார்கள். செல்பேசி வழியாக!

‘போலீஸ் அதிகாரி பேசுகிறேன். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது’ என்று ஒரு குரல். படத்தோடு பேசும் அழைப்பில் காக்கிச் சட்டை. பின்னால் காவல் நிலையம் போன்ற ஜோடனை. ‘உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். யாரிடமும் சொல்லாதீர்கள். பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று மிரட்டுகிறார்கள். நம்மைக் காக்க வேண்டியவரின் வேடத்திலேயே வருகிறான் திருடன். முத்தநாதனின் தந்திரம்தான்!

இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்லி எச்சரித்தார். எந்தக் காவல் அதிகாரியும் செல்பேசியில் கைது செய்வதில்லை, பணமும் கேட்பதில்லை.

இன்னொரு மாயம் குரல் மாயம். ஒருவர் பேசியதைக் கொஞ்ச நேரம் பதிவு செய்தால் போதும். அதே குரலில் கணினி பேசும். ‘அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு’ என்று மகன் குரலில் அழைப்பு வந்தால், எந்தத் தாய்க்கு நெஞ்சு பதறாது?

பழைய கதைகள் இங்கேதான் உதவிக்கு வருகின்றன.

ஒன்று: சுக்கிரீவன் மாலை. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டியின் பெயராக இருக்கலாம். பாட்டி வைத்த செல்லப் பெயராக இருக்கலாம். அவசரம் என்று பணம் கேட்கும் குரலிடம் அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

இரண்டு: தமயந்தியின் நிதானம். ‘உடனே, இப்போதே, யாருக்கும் சொல்லாமல்’ என்று அவசரப்படுத்துகிறவன் போலி. அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

மூன்று: அனுமன் கேட்கத் தவறிய கேள்வி. தெரிந்த முகமானாலும் கேளுங்கள். கேட்பதால் உண்மையான உறவு கெட்டுப்போகாது. உண்மையான வீடணன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அனுமனே ஏமாந்திருக்கிறான்! 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மயில்ராவணன் வந்து ஏமாற்றிப் போன பிறகும், அனுமன் உண்மையான வீடணனைத் துரத்திவிடவில்லை. அவன் சொன்ன வழியைக் கேட்டுத்தான் பாதாளத்துக்குப் போனான். போலி ஒருவன் வந்தான் என்பதற்காக அசலை இழந்துவிட்டால், மாயாவிக்கு இரட்டை வெற்றி!